மழைக்கு அடுத்த சொல்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் நெடுநாள் வாசகி, ஒரு கடற்கரை விடுதியின் ஈரம் காயாத மேஜையிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் கூரையும் நன்றாக இருக்க வேண்டும் என்று என் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். கூரையை ஏன் சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். முதல் வரி சரியில்லையென்றால் கடைசி வரி சரியாக வராது என்பது என் அனுபவம். ஆகவே சம்பவத்தின்போது அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர், லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மகன். மருமகள். அவர்களுடைய மூன்று வயதுப் பெண். பட்டாணி என்று கூப்பிடுவோம். மருமகளின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி. மருந்துக்கடை நடத்தியவர், இப்போது கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். சம்பந்தியம்மா. விடுதி மேலாளரும் அடிக்கடி வாசலில் வந்து நின்றார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார்; ஆகாது. நாங்கள் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

எடுத்தது இரண்டு அறை. முதல் நாளே ஒரு அறையில் கூரை ஒழுகி, கட்டிலுக்கு மேலேயே அருவி. அதனால் எல்லோரும் ஒரே அறைக்கு வந்தோம். இது சாதாரணக் குடும்பமாக இருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் என் வீட்டுக்காரரும் சம்பந்தியும் கல்யாணத்தன்று பேச்சை நிறுத்தியவர்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். புகைப்படம் எடுக்கிறவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "சம்பந்தி முன்னாடி வரட்டும்ப்பா, பின்னாடி நின்னா ஆளே தெரியமாட்டார்" என்றார். சம்பந்தி கொஞ்சம் குள்ளம்; என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தொப்பை. அவர் உடனே, "சம்பந்தி வயித்தையும் முன்னாடி நிக்கச் சொல்லுங்க, அதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல" என்றார். மணப்பந்தலில் நானூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐந்து வருடம், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை கிடையாது. எதுவானாலும் பட்டாணி மூலமாகத்தான் போகும், வரும். அதிலும் பட்டாணி சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிள்ளை இல்லை. சாரல் அடிக்கிறது என்று சம்பந்தி, "பட்டாணி, ஜன்னலைச் சாத்தச் சொல்லு உன் லிஃப்ட் தாத்தாவை" என்றார். அது நேராகப் போய், "லிஃப்ட் தாத்தா, மாத்திரைத் தாத்தா உன்னைச் சாத்தணும்னு சொல்றாரு" என்று சொல்லிவிட்டது. அன்று மதியச் சாப்பாட்டின்போது இருவரும் சுவரைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

ஐயா, இந்தப் பயணமே இதற்காகத்தான். மகனுக்கும் மருமகளுக்கும் வேறு ஊருக்கு மாற்றல். அங்கே ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். கீழே நாங்கள், மேலே சம்பந்தி வீட்டார், நடுவில் ஓடிக்கொண்டிருக்க ஒரு பட்டாணி. கேட்டதும் நான் சாமி முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டேன், சந்தோஷத்தில். ஆனால் மருமகள் கண்டிப்பானவள். விடுதிக்கு வந்ததும் என்னையும் சம்பந்தியம்மாவையும் தனியே கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. லீவு முடியிறதுக்குள்ள அப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினா அந்த வீட்டை எடுத்துக்கறோம். இல்லேன்னா சின்ன வீடா பாத்துக்கிட்டு நாங்க மூணு பேர் மட்டும் போறோம். தினமும் இவங்களுக்கு நடுவுல தபால்காரி வேலை பாக்க என் பொண்ணை நான் பெக்கலை."

"கடல்ல குளிச்சா மனசு லேசாயிடும்மா, பேசிடுவாங்க" என்றார் சம்பந்தியம்மா. அப்போது இடித்த இடியில்தான் மழை தொடங்கியது.

பையில் உங்கள் பத்திரிகை இருந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். உங்கள் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இப்படி ஒரு கடிதம் எழுதுகிற அளவுக்கு வந்தேன். ஆகவே அதில் அச்சானது எதுவும் எனக்குச் சாமி வாக்கு மாதிரி. "கடற்கரைக்குப் போன இடத்தில் மழையா? குடும்பத்தோடு கொண்டாட எளிய யோசனைகள்" என்ற கட்டுரையைக் கண்டதும் சாமியே அனுப்பியது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இனி நான் எழுதுவதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குறைதான்.

"மழையில் கைகோத்து நடப்பது மனங்களை இணைக்கும்" என்று போட்டிருந்தீர்கள். எங்களிடம் பெரிய குடை ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, சம்பந்தியைப் பக்கத்தில் தள்ளிவிட்டோம். அவர் மரியாதைக்காகக் குடையைச் சம்பந்தி பக்கம் நீட்டி, தான் வெளியே நனைந்தார். உன் குடை எனக்கு எதற்கு என்று சம்பந்தி இந்தப் பக்கம் வெளியே வந்து நனைந்தார். இப்படியே கடற்கரை முழுக்க இருவரும் குடைக்கு இரு பக்கமும் நனைந்துகொண்டே போனார்கள். குடைக்கு அடியில் மணல் மட்டும் பத்திரமாக வந்தது. திரும்பி வந்து இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். ஒருவர் தும்மினால் இன்னொருவர் பட்டாணியிடம், "உன் தாத்தாவை அந்தப் பக்கம் திரும்பித் தும்மச் சொல்லு" என்றார்.

கிளிஞ்சல் பொறுக்கி வந்து கைவேலை செய்யச் சொன்னீர்களே, அதையும் செய்தோம். பொறுக்கி வந்த சங்குகளில் ஒன்று குடியிருப்பவரோடு வந்துவிட்டது. உள்ளே நண்டு. அது மேஜையிலிருந்து இறங்கி நடந்து போய் சம்பந்தியின் செருப்பில் குடியேறியது. அவர் காலை விட்டார். அவர் குதித்த உயரத்தை அன்றைக்குப் புகைப்படக்காரர் பார்த்திருந்தால் பின் வரிசையிலேயே நிறுத்தியிருப்பார். இதை நான் மனதுக்குள் நினைத்தேன். என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதுதான் வித்தியாசம்.

அடுத்து, விரிப்புகளைக் கட்டி அறைக்குள் கூடாரம். லிஃப்ட் பரிசோதகர் வீட்டில் கூடாரம் கட்டுவது லேசில் நடக்கிற காரியமா? எந்த முடிச்சு எவ்வளவு பாரம் தாங்கும் என்று இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் ஜன்னல் திரைக் கம்பியே கையோடு வந்துவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகன் மேல் கூடாரம், கம்பி, திரை மூன்றும் விழுந்தன. சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். "கம்பியைச் சரி பண்ணணும்" என்றேன். "ஆகட்டும்மா" என்றார். இந்தக் கடிதத்தையும் திரையில்லாத ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

லீவு கரைந்துகொண்டே போனது. மருமகள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வீடு வாடகைக்கு விடுகிறவரின் எண்ணை அவள் தேடிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஒழுகாத மூலையில் என் சாமி படத்தை வைத்து, மழையை நிறுத்து என்று வேண்டிக்கொண்டு எழுந்து, வேறு வழியில்லாமல் மறுபடி உங்கள் பத்திரிகையைப் பிரித்தேன். அப்போதுதான் சொல் சங்கிலி என்ற விளையாட்டைப் பார்த்தேன். "ஒருவர் ஒரு சொல் சொல்ல, அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் வெளியேற வேண்டும்." இவ்வளவுதான் போட்டிருந்தீர்கள். இந்த இரண்டு வரியில்தான் எல்லாம் வந்தது.

நானும் சம்பந்தியம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டு, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தோம். சம்பந்திக்கு அடுத்து என் வீட்டுக்காரர். கடைசி எழுத்து எதுவானாலும் அதன் வரிசையில் எந்த எழுத்தும் செல்லும் என்று நடுவர் என்ற முறையில் நானே முடிவு செய்தேன். "விளக்கு" என்று ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா "குடம்" என்றார். மகன் "மெத்தை" என்றான். அவனுக்கு அந்த நினைப்புத்தான். மருமகள் "தாமரை" என்றாள். சம்பந்தியின் முறை. அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "ரசீது" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "துரு" என்றார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு என் சம்பந்தி என் வீட்டுக்காரருக்குச் சொன்ன முதல் சொல் ரசீது. அவர் பதிலுக்குச் சொன்னது துரு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மருமகளைப் பார்த்தேன்.

"இது கணக்குல வராது அத்தை" என்றாள் மெதுவாக. "இது பேச்சில்லை, விளையாட்டு."

சரி, ஆடட்டும் என்று விட்டோம். மகன் நடுவிலேயே தூங்கிப்போனான். பட்டாணிக்கு ஊட்ட வேண்டும் என்று மருமகள் எழுந்து போனாள். நான் நடுவர் வேலை அதிகம் என்று ஒதுங்கினேன். சம்பந்தியம்மா, சாதாரணமாகப் பேச ஆரம்பித்தால் நாம் மூச்சு விட இடம் கிடைக்காது, அவர் 'க'வில் ஒரு சொல்லும் தெரியவில்லை என்று வெளியேறினார். என் காதில், "தெரிஞ்சுதான் சொல்லலை சம்பந்தி" என்றார். புண்ணியவதி.

இப்போது வட்டத்தில் இருவர் மட்டும். வெளியே மழை கொட்டுகிறது. சம்பந்தி "தொப்பி" என்றார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, அழுத்தமாக, "பிடிவாதம்" என்றார்.

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். "மமதை."

"தலைக்கனம்."

"முரடு."

"டம்பம்."

"மூர்க்கம்."

"முணுமுணுப்பு."

"பொறாமை."

"மேட்டிமை."

ஐந்து வருடமாக உள்ளே போட்டுப் பூட்டியதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக வெளியே வருகிறது, அதுவும் விளையாட்டு விதி பிசகாமல். நானும் சம்பந்தியம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிறுத்தவும் பயம், விடவும் பயம். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"மழை."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ழை. ழா. ழி. ழு. உதடு மட்டும் அசைகிறது. நெற்றியெல்லாம் வேர்வை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாணிக்கு ஊட்டிவிட்டு மருமகள் அப்போதுதான் உள்ளே வருகிறாள். என் வீட்டுக்காரர் சம்பந்தியை நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி, இதென்ன நியாயம்? ழ-வில எங்க சொல் இருக்கு?"

சம்பந்தியம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினார். தூங்கிக்கொண்டிருந்த மகன்கூட எழுந்து உட்கார்ந்தான். சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். தான் கூப்பிட்டது அவருக்கே தெரியவில்லை. தான் அவருக்குப் பதில் சொல்கிறோம் என்பது சம்பந்திக்கும் உறைக்கவில்லை.

"அதை என்னைக் கேட்டா? கடைசி எழுத்துல ஆரம்பிக்கணும், தெரியாதவர் வெளியே போகணும். அச்சுல இருக்கு. டாக்டர் சீட்டுல எழுதினதைத்தான் நான் கொடுப்பேன், என் இஷ்டத்துக்கு மாத்திக் கொடுக்க முடியாது."

"லிஃப்ட் மேல போய் நிக்குது. கதவு திறக்குது. எதிர்ல சுவர். தப்பு யாரோடது, ஏறினவனோடதா, அங்க கொண்டுபோய் நிறுத்தினவனோடதா?"

"ஏறுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"நீங்க சொன்ன சொல்லு செல்லாது. வேற சொல்லுங்க."

"வித்த மருந்தைத் திரும்ப வாங்கறதில்லை."

அப்போது பட்டாணி நடுவில் புகுந்து, "ழைலு" என்றது. அதற்கு ரயில் அப்படித்தான் வரும். "பாத்தீங்களா, குழந்தைக்குத் தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர். "நாக்கு திருந்தினதும் அதுக்கும் தெரியாமப் போயிடும்" என்றார் சம்பந்தி. மருமகள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

"அம்மாடி, இது கணக்குல வருமா?"

"இது சண்டை அத்தை" என்றாள். "ஆனா நேருக்கு நேர் சண்டை. வரும்."

அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் குடையை எடுத்தார். ஊருக்குள் நூலகம் இருக்கிறது, அகராதி பார்க்கப் போகிறேன் என்றார். "நீங்க தனியாப் போய் என்னத்தைப் பாத்துட்டு வந்து என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சம்பந்தியும் செருப்பை உதறிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். இருவரும் ஒரே குடையில் போனார்கள். வழியெல்லாம் வாக்குவாதம். மழைச் சத்தத்தில் மற்றவர் சொல்வது காதில் விழ வேண்டுமே, அதனால் ஒட்டிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கொட்டுகிற மழையில் இருவர் தலையும் காய்ந்திருந்தது. நான் அப்போதுதான் உங்கள் கட்டுரையை மனதார மன்னித்தேன்.

அகராதியில் இருந்தது ஐயா. "ழகரம்." என் வீட்டுக்காரர் வாசலிலேயே அறிவித்தார்.

"அது எழுத்தோட பேரு" என்றார் சம்பந்தி, குடையை மடக்கிக்கொண்டே. "சொல் ஆகாது."

"பேரு சொல் இல்லையா? உங்க கடைக்குப் பேரு இல்லையா?"

"பாட்டில் மேல ஒட்டியிருக்கிற பேரைக் குடிச்சா ஜுரம் போகுமா?"

இப்படி அந்த நாள் முழுக்கப் போனது. நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன், அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. சாமி படத்தின் முன்னால் போய், மழையை நிறுத்தச் சொன்னேனே, அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்றேன். ஒரே வாய், ஒரே வாரம், இரண்டு வேண்டுதல். சாமி என்னைப் பற்றி என்ன நினைத்ததோ. முதல் வேண்டுதலையே நிறைவேற்றிவிட்டது. இன்று காலை பளிச்சென்று வெயில். கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. மேலாளர் ஓடி வந்து, "வெயில் வந்துடுச்சு, எல்லாரும் கடலுக்குப் போகலாமே" என்றார். அகராதியிலிருந்து எழுதி வந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் தலையை நிமிர்த்தாமல் ஒரே குரலில், "ஆகட்டும்" என்றார்கள். யாரும் நகரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மருமகள் அந்த மாடி வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் குடி போகிறோம். இவர் கீழே, அவர் மேலே. இந்த வழக்கு தீராமல் ஒரே வீட்டுக்குப் போனால் மாடிப்படியில் ஏறவும் இறங்கவும் வேறு ஆளுக்கு இடம் இருக்காது. இருவரும் யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. கடைசியில், "அச்சுல போட்டவங்களே சொல்லட்டும், கட்டுப்படறேன்" என்று சம்பந்தி சொன்னார். "நானும்தான்" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் தாங்கள்தான் ஐயா.

ஆகவே தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியது: மழை என்று சொன்னால், அதற்கு அடுத்து ழகரம் செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றால், மழை என்று சொன்னதே தவறா? இதைத் தெளிவாக எழுதி, ஆசிரியர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவும். மூன்று வயதுக் குழந்தை சொன்ன ழைலுவைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் அதற்குச் சந்தோஷமாக இருக்கும்.

தங்கள் பத்திரிகையில் எழுத்து மங்காமலும் பக்கம் குறையாமலும், தங்கள் இல்லத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொண்டும் இருக்கச் சாமி அருள் செய்யட்டும்.

விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
வணக்கத்துடன்,
பட்டாணியின் பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். பிழை இருந்தால் திருத்துவாளே என்றுதான். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "அத்தை, பதில் வந்தா யாராவது ஒருத்தர் தோத்துப்போவாரே. அப்புறம் அவர் பேசுவாரா?" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆசிரியர் என் பக்கம்தான் எழுதுவார் என்று இவர் அவரிடம் சொல்கிறார், அவர் இவரிடம் சொல்கிறார். பட்டாணி பாட்டுக்குத் தனியாக மணலில் விளையாடுகிறது, சேதி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. ஐயா, மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள். எது செல்லும், எது செல்லாது என்று எங்களுக்குத் தெரியவே வேண்டாம். "தங்கள் கடிதம் கிடைத்தது, மிகவும் கடினமான கேள்வி, யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் எழுதுங்கள். அதை விரைவில் எழுதுங்கள்.